பக்கத்து வீட்டு உப்பு

வீட்டுக்குள் நடக்கும் அடிதடியைப் பற்றி பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவர் ஆன்லைனில் ஒரு குழுவைக் கூட்டியிருந்தார். அடிபட்ட பெண்களும், அதைப் பக்கத்தில் இருந்து பார்த்த பெண்களும் அதில் இருந்தார்கள். முகமும் குரலும் கிடையாது. பட்டப்பெயரில் தட்டச்சு செய்ய வேண்டியதுதான்.

'அணில்' இதுவரை யாரிடமும் வாய் திறந்ததில்லை. வெளியேறிவிடலாமா என்று தவித்தாள்.

"அந்த நாட்கள்ல சிரிச்ச ஞாபகம் ஏதாவது உண்டா?" என்று ஆய்வாளர் கேட்டார்.

அணிலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"பக்கத்து வீட்டுல ஒரு அக்கா இருந்தாங்க. சரியான கஞ்சம். எங்க வீட்ல பாத்திரம் உருண்டா போதும், கிண்ணத்தோட வந்து 'உப்பு இருக்கா?'ன்னு நிப்பாங்க. என் வீட்டுக்காரர் சட்டுன்னு நல்லவரா மாறிடுவார். நல்லவேளை, கடைசிவரைக்கும் அவங்களுக்கு எதுவுமே தெரியாது. வீடு மாறி வந்தப்புறம் அவங்களைத்தான் மனசு தேடுது."

'ஆமை' என்ற பெயரில் யாரோ வெகுநேரம் எழுதி எழுதி அழித்தார்கள். பிறகு வந்தது பதில்.

"அடி அசடே, எனக்கு ரத்தக்கொதிப்பு. டாக்டர் உப்பையே தொடாதேன்னு சொல்லியிருந்தாரு."

அணிலுக்கு எழுத்தெல்லாம் கலங்கித் தெரிந்தது.

"அக்கா! அப்போ வாங்கின உப்பையெல்லாம் என்ன பண்ணீங்க?"

"டப்பா டப்பாவா அப்படியே இருக்கு. வந்து எடுத்துட்டுப் போடி."