மஞ்சள் கோட்டுக்குப் பின்னால்

"என்னது, தெருவைப் போட்டோ எடுத்து அனுப்பணுமா? கட்டிக்கப் போறது எங்க பையனையா, எங்க தெருவையா?"

படங்களுக்குச் சட்டம் போடும் கடைக்காரர் கைப்பேசியைக் காதிலிருந்து எடுத்து, ஒருமுறை முறைத்துவிட்டு மறுபடி காதில் வைத்தார்.

"பொண்ணு அப்படித்தான் கேக்குதுங்க" என்றார் தரகர். "பையன் போட்டோ பார்த்தாச்சு, பிடிச்சிருக்காம். உங்க தெரு, ஸ்டேஷனுக்குப் போற வழி, ஸ்டேஷன், எல்லாம் எப்படி இருக்கோ அப்படியே வேணுமாம். தினமும் ரயில்ல வேலைக்குப் போய் வர்ற பொண்ணு இல்லையா? மத்தபடி தங்கம். அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாது."

"அப்படி ஒரு ஆள்தான் இந்த வீட்டுக்கு அவசரமாத் தேவை" என்று சமையலறைப் பக்கம் பார்த்தபடியே கடைக்காரர் சொன்னார்.

"காதுல விழுந்துச்சு!" என்று அங்கிருந்து மனைவியின் பதில் வந்தது.

மகனுக்கு முப்பத்து நாலு முடியப்போகிறது. பள்ளியில் கணக்கு வாத்தியார். இதுவரை பதினோரு வரன்கள் கைநழுவிவிட்டன. கடைசியாக வந்தவர்கள் தெருமுனைச் சாக்கடையைப் பார்த்ததும் வண்டியைவிட்டு இறங்காமலே திரும்பிப் போனார்கள். இதையும் கோட்டைவிட்டால் பையன் சாமியாராகத்தான் போக வேண்டும் என்று அவர் பயந்துகொண்டிருந்தார்.

ஞாயிறு காலை அப்பாவும் மகனும் கிளம்பினார்கள்.

"அப்பா, அப்படியே எடுத்து அனுப்பச் சொன்னாங்க. ஞாபகம் இருக்கட்டும்."

"டேய், முப்பது வருஷமா சட்டம் போடுறவன்டா நான். சட்டத்துக்குள்ள வர்றதுதான் படம். வெளியில நிக்கிறதைப் பத்தி ஒருத்தனும் கேக்க மாட்டான்."

தண்ணீர் லாரி வந்து சாக்கடையை மறைத்து நிற்கும்வரை அரை மணி நேரம் காத்திருந்து முதல் படத்தை எடுத்தார். கண்டவரையெல்லாம் துரத்தும் தெரு நாய்க்கு ஆறு பிஸ்கட் போட்டுத் தூங்கவைத்து, "காவல் உண்டு" என்று இரண்டாவது படம். பாதி இடிந்த மதில்மேல் பூத்துக் கிடந்த கொடியை மட்டும் தனியாகப் பிடித்து மூன்றாவது.

"இது எந்த ஊருப்பா?" என்றான் மகன், கைப்பேசித் திரையைப் பார்த்து.

"நம்ம ஊருதான். இத்தனை நாள் நீ சரியாப் பார்க்கலை."

ஸ்டேஷனில்தான் சிக்கல் வந்தது. இரண்டாவது நடைமேடையில், எந்தக் கோணத்தில் நின்றாலும் வாய்வரை நிரம்பி வழியும் குப்பைத் தொட்டி ஒன்று படத்துக்குள் வந்து நின்றது. அவர் யோசிக்கவில்லை. அதை இரண்டு கையாலும் அணைத்துத் தூணுக்குப் பின்னால் இழுக்க ஆரம்பித்தார்.

"அப்பா, வேணாம்பா! அசிங்கமா இருந்தாலும் இருக்கிறதை இருக்கிறபடி காட்டுவோம்!"

"வாயை மூடுடா, அரிச்சந்திரன் பேரா!"

தலைக்கு மேலே ஒலிபெருக்கி கரகரத்தது.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. இரண்டாவது நடைமேடையில் குப்பைத் தொட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கும் நீலச் சட்டைக்காரர், உடனே மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் செல்லவும்."

கனிவு எங்கே இருந்தது என்று அவருக்குப் புரியவில்லை. இடி விழுந்தது மாதிரி இருந்தது. நடைமேடை மொத்தமும் திரும்பிப் பார்த்தது.

"உங்களைத்தான் ஐயா! ரயில் வருது, பின்னாடி போங்க!"

அவர் துள்ளி இரண்டடி பின்வாங்கினார். தொட்டி தூணுக்குப் பின்னால் போயிருந்தது. மூச்சு வாங்கிக்கொண்டே படத்தை எடுத்தார்.

"யாருடா இந்தப் பொம்பளை? இந்தத் தொண்டையோட குடித்தனம் பண்றவன் போன ஜென்மத்துல என்ன பாவம் பண்ணானோ! வா, போகலாம்."

"நீங்க முன்னாடி போங்கப்பா. நான் இதோ வர்றேன்" என்றான் மகன். ஐந்து நிமிடம் கழித்து, கைக்குட்டையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து சேர்ந்தான்.

அன்றைக்கே படங்கள் போய்விட்டன. திங்கள், செவ்வாய், புதன் என்று நாட்கள் நகர்ந்தன. பதில் இல்லை. வியாழன் மாலை கைப்பேசி அடித்தபோது, மனைவி கையில் கரண்டியோடு கூடத்துக்கு ஓடி வந்தாள்.

"பொண்ணே உங்ககூடப் பேசணுமாம்" என்றார் தரகர். "இதோ குடுக்கிறேன்."

"வணக்கம் மாமா." பூ மாதிரி ஒரு குரல். "படமெல்லாம் பிரமாதம். ஸ்டேஷன்ல மட்டும் குப்பைத் தொட்டியையே காணோமே?"

"தொட்டியா? எங்க ஸ்டேஷன்ல அதெல்லாம் கிடையாதும்மா. குப்பை போடுற பழக்கமே இங்க யாருக்கும் இல்லை."

மனைவி கரண்டியோடு தலையில் அடித்துக்கொண்டாள்.

"அப்படிங்களா? போன ஞாயித்துக்கிழமை ஒருத்தர் அதைத் தூணுக்குப் பின்னாடி ஒளிச்சுவெச்சிட்டுப் போனார். அப்புறம் அவர் பையன் தனியா நின்னு, அதை இழுத்துட்டு வந்து பழைய இடத்துல வெச்சு, சிந்தின குப்பையெல்லாம் கையால அள்ளிப் போட்டுட்டுப் போனார். போட்டோல பார்த்த முகமாச்சேன்னு நானும் கண்ணாடி வழியாப் பார்த்துட்டே இருந்தேன். உள்ளதை உள்ளபடி காட்டுறவங்களான்னு பார்க்கத்தான் படமே கேட்டேன். அவரைக் கட்டிக்க எனக்குச் சம்மதம் மாமா."

அவர் கைப்பேசியைக் காதோடு அழுத்திப் பிடித்தார். "கண்ணாடி வழியாவா? நீ... அங்க எங்கேம்மா இருந்தே?"

மறுமுனையில் தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது. பிறகு கைப்பேசி கரகரத்தது.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு..."

மஞ்சள் கோடே இல்லாத தன் வீட்டுக் கூடத்தில், கடைக்காரர் துள்ளி இரண்டடி பின்வாங்கி நின்றார்.