காந்தப் பூட்டு

மின்சாரம் போனதும் டெக்னீஷியன் இருதயராஜ் யு.பி.எஸ். அறைக்குள் மாட்டிக்கொண்டார். கதவின் காந்தப் பூட்டுக்கு யு.பி.எஸ்.ஸிலிருந்து இணைப்பு கொடுத்தவர் அவரேதான். பூட்டைத் திறக்கும் கார்டு மெஷினை மட்டும் சாதா லைனில் விட்டிருந்தார். ஏசியும் நின்றதில் ஆஸ்துமா நெஞ்சை இறுக்கியது.

“யு.பி.எஸ்ஸ ஆஃப் பண்ணுங்கண்ணே, கதவு தானா தொறந்துக்கும்!” வெளியே காவலாளி செண்பகம் கத்தினாள்.

“பக்கத்து ரூம்ல கம்ப்யூட்டர் பரீட்சை நடக்குதும்மா. அணைச்சா நாப்பது புள்ளைங்க எழுதுனதெல்லாம் போயிடும். முடிய எவ்ளோ நேரமிருக்கு?”

“ஒம்பது நிமிஷம். உங்க இன்ஹேலர் கதவிடுக்குல நுழைய மாட்டேங்குதே!”

சுவருக்கு அப்பால் கீபோர்டுகள் மழையாய்ச் சடசடத்தன. யு.பி.எஸ். சுவிட்சிலிருந்து விரலை எடுத்துவிட்டு, கதவின் அடி இடுக்கில் மூக்கை வைத்துப் படுத்தார்.

செண்பகம் வருகைப் பதிவேட்டால் அந்த இடுக்கில் விசிறத் தொடங்கினாள்.

“எட்டுண்ணே.”