ஒக்கினாவாவுக்கு உகந்த மாதம்

எந்த ஊருக்கு எந்த மாதம் போகலாம் என்று இப்போதெல்லாம் யாரும் மண்டையை உடைத்துக்கொள்வதில்லை. வீட்டில் எல்லாருடைய நாட்காட்டியையும் பார்த்து, கைபேசியில் பேசும் வழித்துணைச் செயலியே சொல்லிவிடும். எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் ஒக்கினாவாத் தீவுக்குப் போக ஆவணிக் கடைசி வாரம்தான் உகந்தது என்றது. சர்க்கரை மாத்திரையிலிருந்து சமையல் வரை அது சொல்லி எதுவும் தப்பியதில்லை. நம்பினேன். மகள் மதுவந்திதான் பெட்டி அடுக்கினாள். இரண்டு குடை வைத்தாள். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

வந்த நாளிலிருந்து சூறாவளி. ஓட்டலில் எங்களைத் தவிர ஆள் இல்லை. ஜன்னலுக்கெல்லாம் பலகை அடித்துவிட்டார்கள்.

"இதையா நல்ல சீசன்னு சொன்னே?" என்று வழித்துணையிடம் கத்தினேன்.

"தீவுக்குப் பங்குனிதாம்மா நல்ல சீசன்," என்றது, வழக்கமான அன்போடு. "நீங்க ஊர்ல இல்லாத முகூர்த்த நாள் ஒண்ணு வேணும்னு மதுவந்தி கேட்டாங்க. புரட்டாசி பிறந்துட்டா முகூர்த்தம் இல்லையே. முடிஞ்சதும் உங்ககிட்ட சொல்லச் சொன்னாங்க. காலையில தாலி கட்டியாச்சு. போட்டோ காட்டட்டுமா?"

காட்டியது. இரண்டு வருஷமாக நான் ஆகாது என்று தடுத்த அதே பையன். பக்கத்தில் என் மகள், என் கூறைப்புடவையில்.

அந்தப் புடவையை நான் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு வந்திருந்தேன். ஒரு சாவி என் கைப்பையில் இருக்கிறது. இன்னொரு சாவிக்குச் சொந்தக்காரர், பலகை அடித்த ஜன்னல் வழியே கடலைப் பார்ப்பவர்போல எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.