உச்சிக்கு ஏறிய புழு

எந்த மருந்துக்கும் சாகாத காய்ப்புழு ஒன்று கொண்டைக்கடலைச் செடியில் இருந்தது. ஆய்வுக்கூடத்துக்காரர்கள் புழுக்களைக் கொல்லவென்றே வளர்த்த வைரஸைத் தெளித்தபோதும் அது அசரவில்லை.

“நெடியே இல்லையே! வெறும் தண்ணீர்!” என்று நனைந்த இலையைச் சிரித்துக்கொண்டே தின்றது.

சில நாளில் அது இரையைக்கூட மறந்து மேலே ஏறத் தொடங்கியது.

“எங்கே அண்ணே கிளம்பிட்டீங்க?” என்று கேட்டது கீழ்க் கிளையிலிருந்த சின்னப்புழு.

“உச்சிக்குடா! ஏறு, ஏறுன்னு உள்ளே ஒரு குரல் சொல்லிக்கிட்டே இருக்கு.”

“அது உங்க குரல்தானா?”

“பின்னே யாருதாம்?”

உச்சிக் கொழுந்தில் அது தலைகீழாகத் தொங்கியது. மறுநாள் வைரஸ் பெருகிய உடம்பு கரைந்து, கீழே இருந்த இலைகளில் சொட்டியது.

அந்த இலைகளையெல்லாம் தின்று தீர்த்த சின்னப்புழு, சில நாளில் காலியான உச்சிக் கொழுந்தைப் பார்த்துப் பெருமையோடு தலையை நிமிர்த்தியது.

“அண்ணே, எனக்கும் அந்தக் குரல் கேக்குது!”