அவள் வராத இரண்டு நாள்

கம்ப்யூட்டர் சர்வீஸ்காரர் அவளை எழுந்திருக்கச் சொல்லிவிட்டு அவள் நாற்காலியில் உட்கார்ந்ததும், அலுவலகமே எட்டிப் பார்த்தது.

லிஃப்ட் பழுதுபார்க்கும் அந்த நிறுவனத்தில் மொத்தம் பதினோரு கம்ப்யூட்டர். மூன்று மாதமாகக் காலையில் எதைப் போட்டாலும் ஒரே வாசகம்தான் முதலில் வந்து நிற்கும்: பொது ஃபோல்டரைத் திறக்க முடியவில்லை.

எந்தக் கட்டடத்தில் எந்த லிஃப்ட் நின்றுவிட்டது என்ற பட்டியல் அந்த ஃபோல்டரில் இருந்தது. எல்லாவற்றையும் அணைத்து, மூலையில் அந்த ஃபோல்டரை வைத்திருக்கும் சர்வரையும் அணைத்து, மறுபடி ஒவ்வொன்றாகப் போட்டு வழிக்குக் கொண்டுவருவதற்குள் பத்தரை ஆகிவிடும். அதுவரை லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் மாட்டிக்கொண்டவர்கள்தான்.

அவள் வேலைக்குச் சேர்ந்தும் மூன்று மாதம்தான் ஆகிறது.

அங்கே அவளுக்குப் பெயர் புதுசு. புதுசு வந்த நாளிலிருந்துதான் இந்தத் தொல்லை என்று முதலில் சொன்னது ஸ்டோர்ஸ் அண்ணன். அவருக்கு வாய் கொஞ்சம் நீளம், மனசில் ஒன்றும் கிடையாது. விளையாட்டாகத்தான் சொன்னார்.

போன மாதம் அவள் இரண்டு நாள் லீவு போட்டாள். அந்த இரண்டு நாளும் மற்ற பத்து கம்ப்யூட்டரும் சமர்த்தாகத் திறந்தன. அவள் திரும்பி வந்த காலையில் அந்த வாசகமும் திரும்பி வந்தது.

அதற்கப்புறம் யாரும் விளையாட்டாகச் சொல்லவில்லை. அவள் வந்தால் பேச்சை நிறுத்தினார்கள்.

மேனேஜர் படித்தவர், ராசி கீசியெல்லாம் நம்பாதவர். ஆனாலும் அவள் வேலையை நிரந்தரமாக்கும் கடிதத்தில் கையெழுத்துப் போடாமல், பார்க்கலாம் பார்க்கலாம் என்று தள்ளிக்கொண்டே போனார். இன்றோடு கெடு முடிகிறது.

சர்வீஸ்காரர் ஏற்கெனவே மூன்று தடவை வந்தவர். வேலை கெடக் கூடாதென்று மூன்று தடவையும் எல்லோரும் கிளம்பிய பிறகு, சாயங்காலத்தில் வந்தார். புது கம்ப்யூட்டரில் என்ன கோளாறு இருக்கப்போகிறது என்று அவளுடையதைப் போட்டே பார்க்கவில்லை. மற்றதெல்லாம் ஒழுங்காகத் திறக்க, மேனேஜரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு நடையைக் கட்டினார்.

இன்றைக்குத்தான் முதல் தடவையாகக் காலையில் வந்திருக்கிறார்.

அவள் கம்ப்யூட்டரில் ஏதோ தட்டினார். நெற்றியைச் சொறிந்தார். எழுந்து போய் சர்வரின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்துவிட்டு வந்தார். வந்து சிரித்துவிட்டார்.

ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒரு தனி நம்பர் வேண்டுமாம், வீட்டுக்குக் கதவு எண் மாதிரி. இவளுடையதற்கு சர்வரின் நம்பரையே கொடுத்து வைத்திருந்தார்கள். தினமும் எல்லோருக்கும் முன்னால் வந்து முதலில் போடுகிறவள் இவள். அப்புறம் போடுகிற சர்வருக்கு நம்பர் இல்லை. மற்றவை எல்லாம் சர்வரென்று நினைத்து இவள் கதவைத் தட்டி ஏமாந்திருக்கின்றன.

சீட்டைப் பார்த்து இந்த நம்பரை அடித்தது யார் என்று கேட்டார். மேனேஜருக்கு அந்த நேரம் பார்த்து ஒரு ஃபோன் பேச வேண்டியிருந்தது.

அவள் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டாள். அவள் வராத இரண்டு நாளும் எப்படிச் சரியாக இருந்தது?

"நீங்க லீவுன்னா உங்க கம்ப்யூட்டரும் லீவுதானே, மேடம். அவ்வளவுதான் விஷயம்."

ஒரே ஒரு நம்பரை மாற்றினார். எல்லாவற்றையும் அணைக்கச் சொல்லி, அவளுடையதை முதலில் போடச் சொன்னார். போட்டாள். பிறகு சர்வர், பிறகு மற்றவை. பதினொன்றும் மடமடவென்று திறந்துகொண்டன.

ஸ்டோர்ஸ் அண்ணன் அவள் மேஜைவரை வந்து, ஒரு பிஸ்கட் பாக்கெட்டை வைத்துவிட்டுப் போனார். மேனேஜர் ஒருவழியாக ஃபோனை முடித்துக்கொண்டு வந்து கடிதத்தில் கையெழுத்துப் போட்டார்.

அவள் அழுதாள். வேலை நிலைத்த சந்தோஷம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

மாடிப்படிக்குப் போய் அக்காவை ஃபோனில் அழைத்தாள்.

அவளுடைய இரண்டு வயது மகள் ஒரு வருஷமாக அக்கா வீட்டில்தான் வளர்கிறாள். இவளிடம் இருந்தவரை குழந்தைக்கு விடிய விடிய மூச்சிழுப்பு. அக்காவிடம் விட்ட நாலாம் நாள் நின்றுவிட்டது. பெற்றவள் ராசிதான் பிள்ளைக்கு ஆகவில்லை என்று மாமியார் சொன்னபோது அவள் நம்பவில்லை. அந்த நாலாம் நாள்தான் நம்பினாள். வேறு வீடு மாறி எட்டு மாதமாகியும் மகளைக் கூட்டி வரவில்லை. போன மாதம் பார்க்கப் போனபோதுகூட, பயத்தில், தூக்காமலே வந்தாள்.

அக்கா எடுத்ததும், என்ன ஏது என்று கேட்கவிடாமல் பேசினாள்.

"அக்கா, பழைய வீட்டுல பாப்பா படுத்திருந்த பக்கம் சுவரு பூரா ஈரமா, பூஞ்சை பிடிச்சுக் கிடந்துச்சே, ஞாபகம் இருக்கா? பாப்பா துணியெல்லாம் எடுத்து வை. நாளைக்கே வர்றேன்."