மேஜைத்துணியைத் தடவியவன்

"அவன் மேஜைத்துணியைத் தடவிப் பார்க்கிறான்டி!" என்று சமையலறைக்குள் வந்து கிசுகிசுத்தார் வெண்டலின்.

ஜெர்மனியின் வுப்பர் ஆற்றங்கரையில் துணி ஆலைகளுக்குக் கறை ஒட்டாத ரசாயனம் தயாரிக்கும், மாமனார் வழி வந்த மூன்று தலைமுறைக் குடும்பக் கம்பெனியின் முதலாளி அவர். ஞாயிற்றுக்கிழமைக் காபிக்கு மகள் முதல் தடவையாகக் கூட்டி வந்திருந்த காதலன் யோர்ன் கூடத்தில் உட்கார்ந்திருந்தான்.

மனைவி ரோஸ்விதா பிளம் கேக்குக்கு க்ரீம் அடித்துக்கொண்டே, "துணின்னா கை படத்தான் செய்யும்" என்றாள்.

"கை படறது வேற. விரலால கசக்கினான், மோந்து பார்த்தான். வேணும்னே காபியைச் சிந்திட்டு, அது துணியில ஒட்டாம உருண்டு ஓடுறதைக் குனிஞ்சு பார்க்கிறான்! நம்ம ஃபார்முலாவைத் திருட எதிர்க் கம்பெனிக்காரன் அனுப்பின ஆளு. இப்பவே விரட்டுறேன் பாரு!"

"சும்மா இருங்க. கல்யாணத்துக்கு முன்னாடி இதே மேஜையில நீங்க செஞ்சதும் இதேதான்."

கையில் எடுத்த கேக் தட்டை வெண்டலின் அப்படியே கீழே வைத்தார்.

"உனக்கு... எப்படித் தெரியும்?"

"உங்களை அனுப்பினது யாருன்னு எங்க அப்பா அன்னைக்கே கண்டுபிடிச்சுட்டார்."

"தெரிஞ்சுமா பொண்ணைக் குடுத்தார்?"

"பொண்ணைச் சரியாத்தான் குடுத்தார். ஃபார்முலாவைத்தான் தப்பாக் குடுத்தார். உங்களை அனுப்பின கம்பெனி அடுத்த வருஷமே ஏன் மூடுச்சுன்னு நினைச்சீங்க?"



ரோஸ்விதா க்ரீம் கிண்ணத்தை வெண்டலின் கையில் கொடுத்தாள். "அந்தத் தப்பு ஃபார்முலா இன்னும் அப்பாவோட அலமாரியிலதான் இருக்கு. கேக் சாப்பிட்டதும் மாப்பிள்ளைக்கு எடுத்துக் காட்டுங்க."