சுத்தமான தண்ணீர்

“மலையிலருந்து வர்ற பீலித் தண்ணி ஒரு சொட்டுகூட இதுல சேரக் கூடாது. புள்ளைங்க கண்ணு, வெளங்குதா?” என்றபடி, மூடி போட்ட நீல வாளியை, வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவின் வாசலில் வைத்தார் ஸ்ரீதரன்.

இலங்கையில் கித்துல்கல பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் தொழிலாளர் நலன் பார்க்கும் வெல்பெயார் ஐயா அவர். தேர் முடிந்த மறுநாள் ஒருவர்மேல் ஒருவர் மஞ்சள் தண்ணீர் ஊற்றி விளையாடும் மஞ்சள் நீராட்டைச் சின்னப் பிள்ளைகளுக்கு ஆபத்தில்லாமல் நடத்திக் காட்ட வந்திருந்தார். போன வருடம் கடைச் சாயம் பட்டு ஒரு பிள்ளையின் கண் வீங்கிப்போனது. அதுவரை அப்படி ஒரு பிள்ளை தோட்டத்தில் இருப்பதே அவருக்குத் தெரியாது. தோட்டத்துத் துரை கூப்பிட்டு விசாரித்த பிறகுதான் அக்கறை வந்தது.

பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் கோகிலா, அவர் கொடுத்த மஞ்சளை விடியவே அரைத்து, சுண்ணாம்பு சேர்த்து, ஒரு சட்டி நிறைய ஆலாத்திச் சிவப்பில் கெட்டியாகக் கரைத்து வைத்திருந்தாள். இந்த வேலை போனால் அவள் மறுபடி மலையேறி ரப்பர் பால் வெட்டத்தான் போக வேண்டும். முழங்கால் விடாது.

“இந்தத் தண்ணி எங்கருந்துங்கையா?”

“ஸ்டோர்லருந்து. மூடி வச்சிருந்தாங்க, அப்படியே தூக்கிட்டு வந்தேன். நீங்க பீலியில குளிச்சி, பீலியில தொவைச்சி, அதையே குடிக்கிற சனம். சுத்தம்னா என்னான்னு ஒங்களுக்குத் தெரியுமா?”

மூடியைத் திறந்ததும் புளிச்ச வாடை அடித்தது. யாரும் மூக்கைச் சுளிக்கவில்லை. ரப்பர் தோட்டத்தில் சாமிக்குச் சாத்தும் மாலையில்கூட அந்த வாடைதான்.

கோகிலா சட்டியைச் சாய்த்தாள். வாளிக்குள் விழுந்த சிவப்பு, விழுந்த வேகத்திலேயே வெளுத்து, வெறும் மஞ்சளாகிப் போனது.

தாய்மார் வாயைப் பிளந்தார்கள். ஸ்ரீதரன் சிரித்தார். ஆள் அகப்பட்ட சந்தோஷம்.

“கண்டீங்களா? ரெண்டு கிலோ மஞ்சள் வாங்கிக் குடுத்தேன். நல்ல தண்ணி பட்டதும் செவப்பு நிக்கல. கொஞ்சமா கரைச்சிட்டு மிச்சத்த வீட்டுக்குத் தள்ளிட்டா.”

“மாரியாத்தா மேல சத்தியமா முழுசா அரைச்சேங்கையா.”

“அப்ப செவப்பு எங்க போச்சி?”

அவள் சட்டியின் அடியில் ஒட்டியிருந்த சிவப்பை வழித்துக் காட்டினாள். கூட்டத்தில் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. ஆனால் தீர்ப்பு எல்லோரிடமும் இருந்தது.

“சாமி மஞ்சள்லயுமா கை வைப்ப, அக்கா?” என்றாள் தனுஜா. தினமும் தன் மகளைக் கோகிலாவின் மடியில் போட்டுவிட்டு வேலைக்குப் போகிறவள்.

“திங்கக்கிழமையிலருந்து வேற ஆள் வரும். கள்ளிகிட்ட புள்ளைங்கள விட ஏலாது” என்றார் ஸ்ரீதரன்.

வேலை போனதும் விழா தொடங்கியது. தனுஜாவின் மகளை முன்னால் இழுத்து நிறுத்தி, கோப்பையில் மஞ்சள் தண்ணீரை மொண்டார்.

“கண்ண மூடாத பாப்பா. கடைச் சாயந்தான் எரியும். இது பட்டா குளுகுளுன்னு இருக்கும்.”

பிள்ளை கண்களை அகல விரித்துக்கொண்டு சிரித்தது.

கோகிலா பாய்ந்து அவர் கையைத் தட்டிவிட்டாள். கோப்பை பறந்து சாக்கடைக் கானில் விழுந்தது. ஆத்திரம் அப்போதும் அடங்கவில்லை. வாளியையும் ஓர் உதை உதைத்தாள்.

“என்னையக் கள்ளின்னுட்டு, நான் அரைச்ச மஞ்சள்ல கொண்டாடுவீங்களோ? ஒருத்தரும் கொண்டாட வேணாம்!”

தண்ணீர் முழுவதும் கானோடு போனது. பிள்ளைகள் ஒரே குரலில் அழ ஆரம்பித்தார்கள்.

“பிஸ்ஸாடி ஒனக்கு, பைத்தியக்காரி? புள்ளைங்களோட நல்ல நாள நாசமாக்கிட்டியே!” தனுஜா அவள் கொண்டையைப் பிடித்தாள். நேற்று தேருக்கு முன்னால் விழுந்து கும்பிட்ட அத்தனை பேரும் ஆளுக்கொரு கை கொடுத்தார்கள்.

ஸ்ரீதரன் நனைந்த கால் சப்பாத்தை உதறினார். “இப்ப வெளங்குதா? புள்ளைங்க பக்கத்துல நிக்கவே லாயக்கில்லாதவ.”

எல்லோரும் தலையாட்டினார்கள். தலையாட்டுவதில் அந்த லயத்து வீட்டுச் சனத்தை மிஞ்ச ஆளில்லை.

அப்போது ரப்பர் ஸ்டோரில் வேலை செய்யும் ஏழுமலை மூச்சிரைக்க ஓடி வந்தான்.

“மூடி போட்ட நீல வாளி ஒன்னு, யாராச்சும் கண்டீங்களா? பால் உறைய ஊத்துற ஆசிட் அதுலதான் இருக்கு!”